முயல் தீவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: ஓகுனோஷிமா வழிகாட்டி

ஹிரோஷிமா மாகாணத்தில், செடோ உள்நாட்டுக் கடலில் இருக்கிற குட்டித் தீவு ஓகுனோஷிமா. சுற்றளவு நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். கூண்டும் வேலியும் இல்லாமல் நூற்றுக்கணக்கான முயல்கள் அங்கே இஷ்டத்துக்குத் திரிகின்றன. அதனால் ஜப்பானியர்களே அதை முயல் தீவு என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஜப்பான் பயணத் திட்டத்தில் நம் ஆட்கள் பலர் இதைச் சேர்ப்பதும் அந்த முயல் வீடியோக்களைப் பார்த்துத்தான்.

அதே தீவில்தான் 1929 முதல் 1945 வரை ஜப்பான் ராணுவம் விஷவாயு தயாரித்தது. வருகிறவர்களில் நிறையப் பேர் முயலுக்குத் தீனி போட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு அடுத்த படகில் திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் போய் வருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரே நாளில் முயல்களையும் பார்க்கலாம், அந்தத் தொழிற்சாலையின் கதையையும் தெரிந்துகொள்ளலாம். எதை முதலில் பார்ப்பது, எங்கே நேரம் செலவிடுவது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

எந்த மாதம், எந்தக் கிழமை

மார்ச் கடைசி முதல் மே வரையும், அக்டோபர், நவம்பரும் நல்ல காலம். ஏப்ரல் கடைசியில் தொடங்கும் கோல்டன் வீக் விடுமுறை வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது படகுக்கே நீண்ட வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் ஈரப்பதமும் வெயிலும் சேர்ந்து ஆளை வாட்டும். முயல்களும் பகல் முழுக்கப் புதருக்குள் நிழல் தேடிப் படுத்துவிடும்.

கிழமை என்று பார்த்தால் வார நாள்தான் சரி. சனி, ஞாயிறு கூட்டத்தில் முயல்களுக்கு வயிறு நிரம்பிவிடுகிறது. மதியத்துக்கு மேல் நீங்கள் எதை நீட்டினாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. காலையிலும் சாயங்காலமும்தான் அவை சுறுசுறுப்பாக இருக்கும். எனவே காலையில் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர முடியுமோ அவ்வளவு நல்லது.

போய்ச் சேருவது

தீவுக்குப் படகு ஏறும் துறைமுகம் ததனோஉமி. அங்கே போக முதலில் மிஹாரா ரயில் நிலையத்தை அடைய வேண்டும். மிஹாராவில் ஷின்கான்சென் (புல்லட் ரயில்) நிற்கும் என்றாலும் எல்லா வண்டியும் நிற்காது. எல்லா நிலையங்களிலும் நின்று போகும் கொடாமா வண்டியைத்தான் பிடிக்க வேண்டும். ஹிரோஷிமாவிலிருந்து வருகிறவர்கள் நேராகக் கொடாமாவில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் மிஹாரா. ஒசாகா, கியோட்டோ பக்கமிருந்து வருகிறவர்கள் வேக வண்டியில் ஃபுகுயாமா வரை வந்து அங்கே கொடாமாவுக்கு மாறிக்கொள்ளலாம்.

மிஹாராவில் குரே வழித்தடத்து உள்ளூர் ரயிலுக்கு மாற வேண்டும். ததனோஉமிக்கு அதில் ஏறக்குறைய 25 நிமிடம். இந்த ரயில் அடிக்கடி வராது, பெரும்பாலும் மணிக்கு ஒன்றுதான். ஒன்றைத் தவறவிட்டால் படகும் தவறும், பாதி நாள் போய்விடும். அதனால் படகு நேரத்தை முதலில் பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி ரயில்களைக் கணக்குப் போடுங்கள். படகு அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறுவதால் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம்.

நேரம் தாராளமாக இருந்தால் ஹிரோஷிமாவிலிருந்து குரே நகரம் வழியாகவே உள்ளூர் ரயிலில் வரலாம். வழியில் ஹிரோ நிலையத்தில் வண்டி மாற வேண்டும், கூடுதலாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் தண்டவாளம் பல இடங்களில் கடலை ஒட்டியே போகிறது, ஜன்னலுக்கு வெளியே தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். போர்க்காலத்தில் இதே வழித்தடத்தில் தீவு கண்ணில் படும் இடத்தில் கடல் பக்கத்து ஜன்னல்களை மூடச் சொன்னார்கள். அன்றைய வரைபடங்களிலிருந்தும் தீவை நீக்கியிருந்தார்கள்.

வெளிநாட்டுப் பயணிகளுக்கான ரயில் பாஸான ஜேஆர் பாஸ் இருந்தால் கொடாமாவுக்கும் குரே வழித்தடத்துக்கும் அதுவே போதும். படகுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கு ஐந்தாறு நிமிட நடைதான், வழியெங்கும் முயல் படம் போட்ட பலகைகள் இருக்கும். பெரிய பெட்டிகளை மிஹாராவிலோ ஹிரோஷிமாவிலோ நிலைய லாக்கரில் வைத்துவிட்டு ஒரு தோள்பையோடு வருவதுதான் புத்திசாலித்தனம்.

படகு ஏறும் முன்

தீவில் வீடுகள் இல்லை, ஊர் இல்லை. ஒரே ஒரு ஓட்டல், அதற்குள் ஒரு உணவகம், ஒரு சிறிய கடை, அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டை மிஹாராவிலேயே வாங்கிக்கொள்வது நல்லது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஜப்பானிய உணவகங்களில் சாம்பார் மாதிரி சைவமாகத் தெரிகிற சூப்பில்கூட மீன் சாறு இருக்கும். நிலையக் கடைகளில் கிடைக்கும் ஓனிகிரி சோற்று உருண்டையில் ஊறுகாய்ப் பழமான உமேபோஷி வைத்தது பெரும்பாலும் பாதுகாப்பான தேர்வு. கடும் சைவமாக இருந்தால் அதன் உறையையும் ஒருமுறை மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டிப் பார்த்துவிடுங்கள். கூடவே வாழைப்பழம், பிஸ்கெட், தண்ணீர்.

முயல் தீனி தீவில் விற்கமாட்டார்கள். ததனோஉமி துறைமுகக் கடையிலேயே சின்னப் பைகளில் கிடைக்கும், ஆளுக்கு ஒன்று போதும். முடிந்தால் கேரட்டோ முட்டைக்கோஸோ கொஞ்சம் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். கையில் சில்லறைப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

படகுப் பயணம் கால் மணி நேரம். சில படகுகள் இங்கிருந்து ஓகுனோஷிமா போய், அப்படியே ஓமிஷிமா என்ற பெரிய தீவுக்குப் போகும். எங்கே இறங்குவது என்பதில் கவனம் வேண்டும். கார் வைத்திருப்பவர்கள் அதை ததனோஉமியிலேயே நிறுத்திவிட்டு வாருங்கள். தீவின் சாலைகளில் வெளியார் வண்டி ஓட்டத் தடை உண்டு. நாய், பூனைகளையும் கொண்டுவரக் கூடாது.

இறங்கியதும் அருங்காட்சியகம்

படகிலிருந்து கால் வைத்த உடனே முயல்கள் ஓடிவரும். அங்கேயே நின்றுவிடத்தான் மனசு சொல்லும். ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, நேராக விஷவாயு அருங்காட்சியகத்துக்கு நடந்துவிடுங்கள். கரையிலிருந்து பக்கம்தான், நுழைவுக் கட்டணமும் மிகக் குறைவு. உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டு வந்தால்தான் வெளியே இருக்கிற இடிபாடுகள் புரியும். பார்க்காமல் நடந்தால் அவை வெறும் பழைய கான்கிரீட்.

கட்டடம் சிறியது. 1988-இல் திறந்தார்கள். முதல் இயக்குநராக இருந்த முராகாமி ஹாட்சுயிச்சி, சிறுவனாக இருந்தபோது இந்தத் தொழிற்சாலையிலேயே வேலைக்குச் சேர்ந்தவர். தான் செய்தது என்ன, அது யார்மேல் போய் விழுந்தது என்பதை வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்வதில் தன் பிற்கால வாழ்க்கையைச் செலவிட்டவர். நாங்கள் பாதிக்கப்பட்டோம் என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், நாங்கள் பாதிப்பு உண்டாக்கினோம் என்றும் இந்த வட்டார மக்கள் சேர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். இந்த இடத்தின் மேல் எனக்கு இருக்கும் மதிப்புக்கு அதுதான் காரணம்.

உள்ளே பார்க்க வேண்டியவற்றில் முதலாவது, தொழிலாளர்களின் ரப்பர் உடுப்பு. முகமூடி, கையுறை, பூட்ஸ் எல்லாம் சேர்ந்த முழு உடுப்பு. பார்த்தால் பாதுகாப்பாகத்தான் தெரியும். ஆனால் மஸ்டர்ட் வாயு இடுக்குகள் வழியாக உள்ளே புகுந்து தோலைக் கொப்புளிக்க வைத்தது, கண்ணையும் நுரையீரலையும் தாக்கியது. இரண்டாவது, பெரிய பெரிய பீங்கான் பாத்திரங்களும் குழாய்களும். இரும்பை அரித்துவிடும் ரசாயனங்கள் என்பதால் தயாரிப்புக் கருவிகளைப் பீங்கானில் செய்தார்கள். மூன்றாவது, புகைப்படங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் முதலில் ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தோல் வெந்துபோன உடல்களின் படங்கள் இருக்கின்றன.

அங்கே இருக்கும் விளக்கங்கள் சுருக்கமானவை. அதனால் இந்தப் பின்னணியை மனதில் வைத்துக்கொண்டு போனால் நல்லது.

1925-இல் விஷவாயுவைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று ஜெனீவா நெறிமுறை வந்தது. ஜப்பான் கையெழுத்துப் போட்டது, ஆனால் 1970 வரை அதற்கு முறைப்படி ஒப்புதல் தரவில்லை. இதற்கிடையில் ஆள் நடமாட்டம் குறைவான, ரகசியம் காப்பதற்கு வசதியான, அதே சமயம் கரையிலிருந்து தொழிலாளர்கள் வந்துபோகக்கூடிய ஓர் இடமாக இந்தத் தீவை ராணுவம் தேர்ந்தெடுத்தது. அங்கே விவசாயம் செய்துகொண்டிருந்த சில குடும்பங்களை வெளியேற்றியது. 1929-இல் உற்பத்தி தொடங்கியது. மஸ்டர்ட் வாயு, லூயிசைட், தும்மலும் வாந்தியும் வரவைக்கும் வாயு, கண்ணீர்ப் புகை, ஹைட்ரஜன் சயனைடு என்று பலவகை. போர் முடிவதற்குள் தயாரான மொத்த அளவு 6,000 டன்னுக்கும் மேல்.

வேலை செய்தவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்து விவசாயக் குடும்பங்களையும் மீனவக் குடும்பங்களையும் சேர்ந்தவர்கள். கூலி நன்றாக இருந்தது என்று வந்தார்கள். வீட்டில்கூட வாய் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. போரின் பிற்பகுதியில் பள்ளி மாணவர்களையும் மாணவிகளையும் வேலைக்கு இழுத்துவந்தார்கள். எல்லோருமாகச் சேர்த்து 6,000-க்கும் மேற்பட்டவர்கள். போருக்குப் பிறகு அவர்களில் பலருக்கு நாள்பட்ட மூச்சுக்குழாய் நோயும் நுரையீரல் புற்றுநோயும் வந்தன. ரகசியமாக நடந்த வேலை என்பதால் நிவாரணம் கேட்பதே அவர்களுக்குப் பெரும் போராட்டமானது. இறந்தவர்களுக்காக 1985-இல் எழுப்பிய நினைவுச் சின்னம் தீவிலேயே இருக்கிறது. நடந்து போகும்போது அங்கேயும் நில்லுங்கள்.

இங்கே தயாரான வாயு சீனாவில் பயன்பட்டது. தோற்றுப் பின்வாங்கியபோது ராணுவம் அங்கே மண்ணில் புதைத்தும் ஆற்றில் போட்டும் வந்த குண்டுகள் இன்னும் தோண்டத் தோண்டக் கிடைக்கின்றன. 2003 ஆகஸ்டில் சீனாவின் சிச்சிஹார் நகரில் ஒரு கட்டுமானத் தளத்தில் பழைய மஸ்டர்ட் வாயு உருளைகளைத் தோண்டி எடுத்தார்கள். அதில் ஒருவர் இறந்தார், நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். போர் முடிந்து 58 வருஷம் கழித்து.

அருங்காட்சியகத்துக்கு முக்கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

தீவைச் சுற்றி நடப்பது

சுற்றுப்பாதை சமதளம்தான். நிற்காமல் நடந்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். நின்று பார்த்துப் போக மூன்று மணி நேரம் தேவை. ஓட்டலில் வாடகை சைக்கிள் கிடைக்கும், ஆனால் முதல்முறை வருகிறவர்கள் நடப்பதே மேல். முயல்கள் திடீரென்று குறுக்கே ஓடும்.

அருங்காட்சியகத்திலிருந்து ஓட்டல் பக்கம் போய், அதைத் தாண்டி வடக்கே நடங்கள். கொஞ்ச தூரத்தில் நாகாவுரா கிடங்கு வரும். தீவின் மிகப்பெரிய வாயுக் கிடங்கு இதுதான். வரிசையாக உயரமான கான்கிரீட் அறைகள், ஒவ்வொன்றிலும் 100 டன் கொள்ளளவுள்ள தொட்டிகள் நின்றன. இப்போது தொட்டிகள் இல்லை. அவை உட்கார்ந்திருந்த மேடைகள் மட்டும் இருக்கின்றன. சுவரைக் கவனியுங்கள், கருகிப் போயிருக்கும். ஒட்டியிருந்த விஷத்தை அழிக்க, போருக்குப் பிறகு தீப்பிழம்பு பீய்ச்சும் கருவிகளால் எரித்தபோது விழுந்த கருமை அது. அந்தக் கருமைக்குக் கீழே புல்தரையில் முயல்கள் படுத்திருக்கும். பலர் முயலை மட்டும் படம் எடுத்துவிட்டுச் சுவரைப் பார்க்காமலேயே போய்விடுகிறார்கள்.

அங்கிருந்து மேலே வடக்கு முனையில் பீரங்கி மேடைகள். இவை விஷவாயுக் காலத்துக்கும் முந்தியவை. ரஷ்யாவோடு போர் வரும் என்று எதிர்பார்த்த காலத்தில், 1900-ஐ ஒட்டி, செடோ கடலைக் காக்க இந்தத் தீவில் கோட்டை கட்டினார்கள். செங்கல்லும் கருங்கல்லும் வைத்துக் கட்டிய அறைகள் இன்னும் உறுதியாக நிற்கின்றன. அந்தப் பீரங்கிகள் இங்கிருந்து ஒரு எதிரிக் கப்பலையும் சுடவில்லை.

கால் வலிக்கவில்லை என்றால் நடுவில் உள்ள குன்றின் மேல் ஏறுங்கள். ஏற்றம் இருபது நிமிடம், சில இடங்களில் செங்குத்தாக இருக்கும். மேலே நிற்கிற மின்கோபுரம் 226 மீட்டர் உயரம், ஜப்பானிலேயே மிக உயரமானது. தெளிவான நாளில் செடோ கடலின் தீவுகள் நாலா பக்கமும் தெரியும்.

கீழே இறங்கி கிழக்குக் கரைக்கு வந்தால் பழைய மின்நிலையம். தீவின் மிக மனதைத் தொடும் இடம் என்று நான் சொல்வது இதைத்தான். மூன்று மாடி உயரக் கட்டடம், ஜன்னல்களில் கண்ணாடி இல்லை, சுவர் முழுக்கக் கொடி படர்ந்திருக்கிறது. சுவரில் 'எம்ஏஜி 2' என்று ஆங்கில எழுத்துகள் மங்கலாகத் தெரியும். கொரியப் போரின்போது அமெரிக்கப் படை இந்தத் தீவை வெடிமருந்துக் கிடங்காக வைத்திருந்தது, அப்போது எழுதிய அடையாளம் அது. இந்தக் கட்டடத்தின் உள்ளேதான், போர்க்காலத்தில் மாணவிகள் பலூன் குண்டுகளுக்கான (காகிதப் பலூனில் கட்டிக் காற்றில் அனுப்பும் குண்டுகள்) வேலையும் செய்தார்கள். இடிந்து விழும் நிலையில் இருப்பதால் உள்ளே போகத் தடை. வேலி தாண்டாமல் வெளியிலிருந்தே பாருங்கள்.

இன்னொரு விஷயம். போருக்குப் பின் மிச்சமிருந்த விஷத்தைக் கடலில் கொட்டினார்கள், எரித்தார்கள், சிலதைப் புதைத்தார்கள். 1990களில் தீவின் மண்ணில் ஆர்செனிக் இருப்பது தெரியவந்து சுத்தப்படுத்தும் பணி நடந்தது. குடிநீர் வெளியிலிருந்துதான் வருகிறது. பயணிகள் நடக்கிற பாதைகளில் பயப்பட ஒன்றுமில்லை. தடை போட்ட இடங்களில் நுழைவதையும், மண்ணைக் கிளறி எதையாவது எடுப்பதையும் மட்டும் குழந்தைகள் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முயல்களிடம் எப்படி நடந்துகொள்வது

விஷவாயுவைச் சோதிக்கத் தொழிற்சாலையில் முயல்களைப் பயன்படுத்தினார்கள் என்பது உண்மை. இப்போது இருப்பவை அவற்றின் வாரிசுகள் என்று இணையத்தில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். ஆனால் அந்த முயல்களைப் போர் முடிந்தபோதே கொன்றுவிட்டார்கள் என்றே சொல்லப்படுகிறது. 1971-இல் ஒரு பள்ளியில் வளர்த்த எட்டு முயல்களை இங்கே விட்டார்கள், அவைதான் பெருகின என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். வேட்டையாட ஆள் இல்லை, நாய் பூனை இல்லை. எனவே எண்ணிக்கை ஒரு கட்டத்தில் ஆயிரத்தை நெருங்கியது. கோவிட் காலத்தில் பயணிகள் வராததால் தீனி குறைந்து, எண்ணிக்கையும் குறைந்தது.

தீனி போட உட்காருங்கள், நிற்க வேண்டாம். பை சரசரத்த மாத்திரத்தில் இரண்டு காலில் எழுந்து நின்று மூக்கை ஆட்டிக்கொண்டு வரும். உள்ளங்கையை விரித்துத் தீனியைக் காட்டுங்கள். விரல் நுனியில் பிடித்துக் கொடுத்தால் தீனி என்று நினைத்து விரலையே கடித்துவிடும், பல் கூர்மை.

சாலை நடுவில் போடாதீர்கள். ஓட்டல் பேருந்து வரும் பாதை அது, அங்கே கூடும் முயல்கள் சக்கரத்தில் அடிபடும். தூக்காதீர்கள், துரத்தாதீர்கள். முயலின் எலும்பு மெல்லியது, கையிலிருந்து துள்ளி விழுந்தால் முதுகெலும்பே முறிந்துபோகும். ரொட்டி, பிஸ்கெட், சாக்லேட், வெங்காயம், உருளைக்கிழங்கு எதுவும் தரக் கூடாது. மிச்சத் தீனியைக் குவித்து வைத்துவிட்டு வரவும் கூடாது. அதற்குக் காகங்களும் காட்டுப்பன்றிகளும் வரும். காகம் முயல் குட்டிகளைத் தூக்கும். தண்ணீர்க் கிண்ணம் காலியாக இருப்பதைப் பார்த்தால் உங்கள் பாட்டிலிலிருந்து நிரப்பிவிட்டுப் போங்கள், வெயில் காலத்தில் தீனியைவிட அது பெரிய உதவி.

காது கிழிந்த, கண் வீங்கிய முயல்களையும் பார்ப்பீர்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு எல்லை உண்டு, அதற்காக ஒன்றையொன்று கடித்துச் சண்டை போடும். நீங்கள் ஒரு குட்டியை அதன் இடத்திலிருந்து தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் விட்டால், அங்கே இருப்பவை அதைக் கடித்துக் குதறிவிடும். 2025 ஜனவரியில் முயலை உதைத்துக் கொடுமைப்படுத்திய ஒருவரைக் காவல்துறை கைது செய்தது. அதற்கு முந்தின வாரங்களில் ஏராளமான முயல்கள் இறந்துகிடந்தன. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் ஓட்டல் ஊழியர்களிடம் உடனே சொல்லிவிடுங்கள்.

புல்வெளியில் நடக்கும்போது காலடியைப் பாருங்கள். எங்கு பார்த்தாலும் வளை தோண்டியிருக்கும், கணுக்கால் பிசகிவிடும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

தங்குவதா, திரும்புவதா

காலை முதல் படகுகளில் ஒன்றில் வந்து மாலை திரும்பினால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஆனால் வசதிப்பட்டால் ஓர் இரவு தங்குங்கள். பகல் கூட்டம் படகேறிப் போன பிறகும், விடியற்காலையிலும் தீவு வேறு மாதிரி இருக்கிறது. முயல்கள் நிதானமாக மேயும், நீங்களும் அவசரமில்லாமல் நாகாவுரா பக்கம் மறுபடி ஒரு நடை போய்வரலாம். ஓட்டல் தேசியப் பூங்கா விடுதி வகை, வெந்நீர்க் குளியலறை உண்டு. ஒரே ஓட்டல் என்பதால் சில மாதங்கள் முன்பே பதிவு செய்ய வேண்டும். இரவுச் சாப்பாடு அங்கேதான், சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறை இல்லாதவர்கள் கடைசிப் படகு நேரத்தை இறங்கும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு படகு முந்தியே கிளம்புவது நல்லது. விடுமுறை நாளில் கடைசிப் படகில் நெரிசல், அப்புறம் ததனோஉமியில் ரயிலுக்கும் காத்திருக்க வேண்டும்.

ஹிரோஷிமாவோடு சேர்த்துத் திட்டமிடுகிறவர்களுக்கு

பெரும்பாலானவர்கள் இந்தத் தீவை ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தோடு சேர்த்தே பார்க்கிறார்கள். இரண்டும் ஒரே மாகாணம். 1945 ஆகஸ்ட் 6-இல் அந்த நகரத்து மக்கள்மேல் விழுந்தது என்ன என்பதை அங்கே காட்டுகிறார்கள். அதே போரில், அங்கிருந்து அறுபது கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்த இந்தத் தீவிலிருந்து என்ன போனது என்பதை இங்கே காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்தப் போரின் பாதிதான் தெரியும்.

இரண்டையும் ஒரே நாளில் அடைக்க வேண்டாம். ரயில் கணக்குக்கு அது முடியும், மனசுக்கு முடியாது. முதல் நாள் ஓகுனோஷிமா, மறுநாள் காலை ஹிரோஷிமா என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மாலை நேரம் மிஞ்சினால் ததனோஉமியிலிருந்து குரே வழித்தடத்திலேயே மேற்கே பத்துப் பதினைந்து நிமிடத்தில் இருக்கும் தக்கேஹாராவில் இறங்கலாம். உப்பு வியாபாரமும் சாக்கே என்ற அரிசி மது தயாரிப்பும் செய்து பணம் சேர்த்த பழைய குடும்பங்களின் மரவீட்டுத் தெருக்கள் அங்கே அப்படியே இருக்கின்றன. கடைகள் ஐந்து மணிக்கெல்லாம் மூடிவிடும், ஆனால் அந்தத் தெருக்களில் நடக்க டிக்கெட் எதுவும் வேண்டாம்.